மலைமேட்டில் கத்தியவன்

அலபாமாவில் பைன் ஃபோர்க் பக்கம் வானம் கறுத்தால் ஊரார் வீட்டுக்குள் ஓடுவார்கள். ராய்ஸ் கல்பெப்பர் வண்டிச் சாவியைத் தேடுவான். ஏசி ரிப்பேர் அவன் பிழைப்பு, புயல் அவன் பைத்தியம். ஜூலை வெயிலில் ஏசியைப் பிரித்துப் போட்டுவிட்டு மேகத்தின் பின்னால் ஓடிப்போவான். வீட்டுக்காரர்கள் வியர்த்து வழிந்தபடி திட்டுவார்கள். திட்டிவிட்டு அவன் போனில் போடும் நேரலையைத்தான் பார்ப்பார்கள். புயல் எந்த மாவட்டம் என்பதோடு டிவிக்காரன் நிறுத்திக்கொள்வான். ராய்ஸ் எந்தச் சாலை, எந்தச் சர்ச் என்று சொல்வான்.

அந்த வியாழக்கிழமை மதியம் மேற்கே மேகம் அலமாரித் தட்டுபோல நீட்டிக்கொண்டு வந்தது. ராய்ஸ் மலைமேட்டில் வண்டியை நிறுத்தி, போனைக் கண்ணாடிக்கு நேராக மாட்டி நேரலையைத் தொடங்கினான். ஒரு கணம் இலைகூட அசையவில்லை. பிறகு காற்று மேலிருந்து கொட்டியது. கீழே ஏதோ ஒரு தகரக் கூரை நெளிந்து எழும்பியது.

"தூக்குடி என் ராசாத்தி!" என்று காற்றைப் பார்த்து ஸ்டியரிங்கைத் தட்டிக் கத்தினான். "விடாதே! இன்னும்! இன்னும்!"

கூரை முழுசாகப் பிய்ந்து பறந்தது. கல்யாண வீட்டில் வெடி போட்ட பையன்போல விசிலடித்தான்.

மழை விட்ட பிறகுதான் அது யார் கூரை என்று தெரிந்தது. நடீன் ஸ்டாலிங்ஸின் கோழிப்பண்ணை. புருஷன் போன பிறகு அவள் ஒற்றை ஆளாய் நடத்துவது. ராய்ஸ் சின்னப் பையனாக இருந்தபோது அவள் சுட்ட பிஸ்கட்டைத் தின்று வளர்ந்தவன். நேரலையை அணைத்தான், தன் இணையப் பக்கத்திலிருந்தும் அழித்தான். நிறையப் பேர் பார்த்திருக்கமாட்டார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். இருட்டும்வரை அவளோடு சேர்ந்து செத்த கோழிகளைப் பொறுக்கினான். "உனக்கு எதுக்குடா கண்ணு இந்தச் சிரமம்" என்று அவள் சொன்னபோது நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அடுத்த வாரம் இன்சூரன்ஸ்காரர் வந்தார். காற்றுதான் காரணம் என்று எழுதினால் கம்பெனி பணம் கொடுக்க வேண்டும்; காற்றின்மேல் பழியைப் போட அவருக்கு மனசில்லை. "தகரம் துருப்பிடிச்சது. திருகாணியெல்லாம் ஏற்கெனவே லூஸா இருந்திருக்கும்மா." பணம் வராவிட்டால் பண்ணையை விற்க வேண்டியதுதான். நடீன் ராய்ஸை வீட்டுக்குக் கூப்பிட்டாள்.

"அன்னிக்கு எடுத்த வீடியோ இருக்குல்ல?"

"போன்ல இருக்கு, மிஸ் நடீன். ஆனா சத்தம் சரியா பதியல."

சமையலறை மேசையில் தக்காளி சாண்ட்விச்சும் குளிர்ந்த இனிப்புத் தேநீரும் இருந்தன. ராய்ஸ் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு வீடியோவை ஓட்டினான். இன்சூரன்ஸ்காரர் குனிந்து பார்த்தார்.

"காத்து எவ்வளவு வேகம்னு சத்தத்துலதான் தெரியும். குடுங்க" என்று போனை வாங்கி அவரே கூட்டினார்.

காற்றின் இரைச்சல் வந்தது. அதற்கு மேலே குரல் வந்தது. தூக்குடி என் ராசாத்தி.

அவர் சிரித்துவிட்டார். "யாருங்க இது? ஊர் கூரை பறக்குது, இவனுக்குக் கொண்டாட்டம்?"

ராய்ஸின் காது மடல்கள் எரிந்தன. நடீன் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தாள், அவன் பக்கம் திரும்பவில்லை.

"நான்தான்" என்றான்.

அவர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு கூரை பறக்கும் இடத்தை மறுபடி ஓட்டினார். இன்னும், இன்னும் என்றது போன். "காத்துதாம்மா. எழுதிடறேன்" என்று சொல்லிப் படம் எடுக்க வெளியே போனார்.

"மிஸ் நடீன், உங்க கூரைன்னு எனக்குத் தெரியாது. சத்தியமா."

"தெரியும்டா. வேற யார் கூரையோன்னு நெனச்ச."

ராய்ஸ் மேசைமேல் கிடந்த போனைக் கவிழ்த்து வைத்தான்.

"அன்னிக்குக் காத்துக்குப் பயந்து நான் குளியல் தொட்டிக்குள்ள, மெத்தைய தலைமேல இழுத்துப் போட்டுக்கிட்டுக் கிடந்தேன்" என்றாள் நடீன். "போனும் கையுமா. காத்து எப்ப அடங்கும்னு நீ சொல்லுவன்னு உன்னயேதான் பாத்துக்கிட்டிருந்தேன்."

சாண்ட்விச் தட்டை அவன் பக்கம் நகர்த்திவிட்டு, மிஞ்சிய கோழிகளுக்குத் தண்ணீர் வைக்க எழுந்து போனாள்.