எல்.கே.ஜி. சீட்டும் ஒரு பக்கெட் மூடியும்

சோப்புத் தண்ணீரில் பழைய பிளாஸ்டிக் மூடிகள் ஊறும்போது ஒரு வாசனை வரும். பாதி சோப்பு, பாதி ஷாம்பு, கொஞ்சம் பினாயில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீடு முழுக்க அந்த வாசனைதான்...

பதினோரு வருஷம் ஆகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் அப்போதுதான் சொந்தமாகக் குடோன் போட்டிருந்தேன். கம்பெனிகள் கழித்துப்போடும் பிளாஸ்டிக்கை வாங்கி, ரகம் பிரித்து விற்கிற தொழில். மகள் தேன்மொழிக்கு மூன்றரை வயது. பேச்சு சரியாக வரவில்லை. எது கேட்டாலும் சிரிப்பாள், அவ்வளவுதான்.

ஸ்கூலில் சேர்க்க வேண்டுமென்றால் எண், நிறம் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்றார்கள். நான் எட்டாவதோடு நின்றவன். கடையில் தொங்கிய விளையாட்டுச் சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நம்ம குடோனில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிற பொருள்தானே... நாமே செய்துவிடலாம் என்று இறங்கினேன்.

மூடிகளைத் தேய்த்து வெயிலில் காயவைத்தேன். தொண்டையில் சிக்கிவிடுமோ என்று சின்னதையெல்லாம் பொறுக்கி எறிந்தேன். மார்க்கரால் ஒன்று முதல் பத்து வரை எழுதினேன். அட்டைப்பெட்டியில் பெரிய ஓட்டை, சின்ன ஓட்டை வெட்டி, எது எதில் நுழையும் என்று போடவைத்தேன்.

அவளுக்கு ரொம்பப் பிடித்தது இன்னொரு ஆட்டம். ஒரு பக்கெட் நிறைய மூடி, பிரித்துப் போட இரண்டு டப்பா. ஒரே மாதிரி இருப்பதை ஒன்றாகப் போட வேண்டும்.

எங்கள் தொழிலில் எந்த ரகப் பிளாஸ்டிக் என்று தெரிந்துகொள்ளச் சரக்கைத் தட்டிச் சத்தம் கேட்போம், வளைப்போம், நகத்தால் கீறுவோம். ரகம் முதலில், நிறமெல்லாம் அப்புறம். கை பழகியபடியே சொல்லிக்கொடுத்தேன். ஒரே மாதத்தில் பாப்பா என்னைவிட வேகமாகப் பிரித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மனைவி அமுதா மட்டும் கேட்டாள். “ஸ்கூலுக்கு அனுப்பப் போறீங்களா, குடோனுக்கு ஆள் எடுத்துக்கினு இருக்கீங்களா?”

இண்டர்வியூ அன்று காலையில் நாஷ்டா இறங்கவில்லை. ஃபார்மில் தொழில் என்ற இடத்தில் ‘பாலிமர் டிரேடிங்’ என்று எழுதினேன். குப்பைக்காரன் மகள் என்று ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம்...

டீச்சர் ஒரு தட்டில் பிளாஸ்டிக்கில் பொம்மைக் கப்பு, ஸ்பூன், கட்டை, மூடி என்று சிவப்பும் நீலமுமாக வைத்தார். ஒரே மாதிரி இருப்பதைச் சேர்த்து வைக்கச் சொன்னார்.

தேன்மொழி ஒவ்வொன்றையும் மேஜையில் தட்டினாள். காதைச் சாய்த்துக் கேட்டாள். நகத்தால் கீறினாள். சிவப்புக் கப்பையும் நீல ஸ்பூனையும் ஒன்றாக வைத்தாள்.

இரண்டும் ஒரே ரகப் பிளாஸ்டிக். அவள் செய்தது அத்தனையும் சரி. எங்கள் குடோனில்.

“கலர் தெரியல போல சார். பேச்சும் வரல. ஒரு வருஷம் கழிச்சுக் கூட்டினு வாங்க. அதுக்குள்ள ஒரு டாக்டர்கிட்ட காட்டிடுங்க” என்றார் டீச்சர், தன்மையாகத்தான். அமுதா கண்ணைத் துடைத்தாள்.

எழுந்து போய்விடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் குழந்தை என்னைப் பார்த்தாள்... நல்லாப் பிரிச்சேனா என்கிற பார்வை.

“மேடம், தப்பு அவ மேல இல்ல. நான் பழைய பிளாஸ்டிக் வாங்கி விக்கிறவன். தட்டிப் பாத்துப் பிரிக்க நான்தான் பழக்கினேன். ஒரு தடவை கலர்னு சொல்லிக் கேளுங்க.”

டீச்சர் கப்பை வளைத்துப் பார்த்தார், ஸ்பூனை வளைத்துப் பார்த்தார். எல்லாவற்றையும் கலைத்துவிட்டு ஒரு சிவப்புக் கட்டையைக் காட்டி, இந்தக் கலரில் இருப்பதை எடுக்கச் சொன்னார்.

ஒன்று எடுத்தாள். இரண்டு. மூன்றாவதைத் தட்டினாள், நிறுத்தினாள். சத்தம் வேறு. மெல்ல அதையும் எடுத்து வைத்துவிட்டு, “செவப்பு” என்றாள்.

சீட் கிடைத்தது. திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் அமுதா சொன்னாள். “துணி மடிக்கிறப்ப நான் தினம் கலரு சொல்லிக் குடுத்தேன். உங்களுக்கு எங்க தெரியும்?”

இப்போது தேன்மொழி பத்தாவது. பேச்சுக்குக் குறைவே இல்லை. ஆனால் ஆறு மாதமாகக் கணக்கில் மார்க் இறங்கிக்கொண்டே போகிறது. கேட்டால், “உனுக்கு இன்னா நைனா புரியும், உடு” என்று கதவைச் சாத்திக்கொள்கிறாள். அவள் இல்லாதபோது புத்தகத்தைப் பிரித்துப் பார்க்கிறேன். ஒரு வரி புரிவதில்லை.

பயம் அன்றைக்கும் இருந்தது. ஆனால் தப்பு எங்கே என்று தெரிந்தது, என்னுடையதுதான் என்று ஒரு டீச்சரிடம் சொல்லவும் முடிந்தது. இப்போது யாரிடம் போய், என்னவென்று சொல்வது...