எதுவும் ஒட்டாத தகடு

பெயிண்டு ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்குப் பெயர் லேபிள் சார். சும்மா வைப்பார்களா? குடை, மேசை, சாப்பாட்டு டப்பா என்று கண்ணில் பட்டதிலெல்லாம் பெயர் எழுதி ஒட்டிவிடுவார். வீட்டு உப்பு டப்பாவில் ‘உப்பு’ என்று ஒட்டியதைப் பார்த்து மனைவி, “என் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டிடுங்க, மறந்துடப் போறீங்க” என்றாள்.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்: எதுவுமே ஒட்டாத பூச்சு செய்வது! கப்பலின் அடியில் கொட்டலசு என்று ஒரு ஜீவன் கல்லு மாதிரி அப்பிக்கொள்ளும். கப்பல் கனத்துப்போய் எண்ணெயைக் குடிக்கும். விஷப் பெயிண்டு அடித்தால் அது சாகும், கூடவே மீனும் சாகும். விஷமில்லாமல் அதை வழுக்கிவிட வேண்டுமென்று பத்து வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஆறு கலவைகளை ஆறு தகடுகளில் பூசி, மேலே நம்பர் லேபிள் ஒட்டி, ஒரு வருஷம் கடலில் தொங்கவிட்டார்.

“தகட்டுல ஓட்டை போட்டு நம்பரைக் கம்பியில கட்டுங்களேன்” என்று மனைவி அப்போதே சொன்னாள்.

“என் லேபிள் போகாது” என்றார் மிடுக்காக.

வருஷம் முடிந்து தூக்கினால், ஐந்து தகடுகளில் கொட்டலசு மொய்த்துக் கிடந்தது. ஒன்று மட்டும் பளபளவென்று இருந்தது. அதில் கொட்டலசும் இல்லை, பாசியும் இல்லை, லேபிளும் இல்லை. நடுவில் கயிறு அறுந்தபோது, தகடுகளைப் பார்த்துக்கொண்ட படகுக்காரர் கைக்கு வந்த வரிசையில் திரும்பக் கட்டியிருந்தார். அதனால் இடத்தை வைத்தும் சொல்ல முடியாது. மதியம் கப்பல் கம்பெனிக்காரர் வருகிறார். எந்தக் கலவை என்று சொல்லாவிட்டால் பழையபடி விஷப் பெயிண்டுதான். பத்து வருஷமும் தண்ணீரில் போச்சே என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, தோற்றுப்போன தகடுகளைச் சுரண்ட உட்கார்ந்தார்.

“வீணாப்போனதை ஏன் சார் சுரண்டுறீங்க?” என்றார் படகுக்காரர்.

கொட்டலசுக்கு அடியில் லேபிள் பத்திரமாக இருந்தது. எல்லாம் ஒட்டுகிற பூச்சில் லேபிளும் ஒட்டாமலா போகும்? ரெண்டு, ஆறு, ஒண்ணு, அஞ்சு, மூணு. அப்படியென்றால் பளபளப்பது நாலு. கம்பெனிக்காரரும் முதல் கப்பலுக்கு நாலாம் கலவையையே பூசச் சம்மதித்தார்.

“பத்து வருஷமா திட்டின கொட்டலசை இன்னைக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன்” என்றார் வீட்டுக்கு வந்து.

“அதுக்குக் கும்பிடு. கம்பியில கட்டுங்கன்னு சொன்னவளுக்கு?”

மறுநாள் காலை அவள் உப்பு டப்பாவை எடுத்தாள். பழைய லேபிளின் மேல் புதிதாக ஒன்று ஒட்டியிருந்தது: ‘நீ சொன்னதுதான் சரி.’ வீட்டிலிருந்த மற்ற லேபிள்களையெல்லாம் பிறகு கிழித்துப்போட்டாலும், அந்த ஒன்றை மட்டும் அவள் இன்றுவரை கிழிக்கவில்லை.