தொண்டியில் நின்ற பதினாறு பெட்டி

தொண்டித் துறையில் பதினாறு பெட்டிகளைச் சுங்க இன்ஸ்பெக்டர் நிறுத்தி வைத்தபோது கல்யாணத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. பெட்டிகள் தேவகோட்டை ஆச்சி ஒருவருடையவை. மகளின் சீருக்காக அவர் கணவர் கொழும்புக் கடையிலிருந்து தோணியில் அனுப்பியிருந்தார். சுங்கத்தில் எழுதிக் கொடுத்து அவற்றை வெளியே எடுக்க வேண்டிய ஏஜெண்டு நான்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். பாத்திரம் ஒன்றாக இருந்தாலும் வரி ஒன்றாக இருக்காது. அக்கரையில் புழங்கியதைத் திரும்பக் கொண்டுவந்தால் டூட்டி இல்லை. புதிதாக வாங்கியதென்றால் விலையில் நூற்றுக்கு இத்தனை என்று கட்ட வேண்டும். வரியே இல்லாமல் சரக்கை எடுப்பவன் என்று பெயர் வாங்க எனக்கு அப்போது ஆசை. பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் டிக்ளரேஷனில் 'புழங்கிய வீட்டுச் சாமான்' என்று எழுதிவிட்டேன். கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்தேன்.

இன்ஸ்பெக்டர் சென்னைக்காரர். பெட்டிகளைப் பிரித்து எண்ணினார்.

"எனாமல் தூக்குச்சட்டி மட்டும் எழுபத்திரண்டு. ஒரு வீட்டுல எத்தனை பேருய்யா சாப்பிடுறாங்க? இது கடைச் சரக்கு."

"சார், எங்க பக்கம் சீருன்னா எல்லாமே டஜன் கணக்குதான். குடும்பப் பேரு வெட்டியிருக்கு பாருங்க. பேரு வெட்டுனத யாரு விப்பாக?"

அதை ஒப்புக்கொண்டார். "சரி, விக்கிறதுக்கு இல்ல. ஆனா புழங்கினதுன்னு எழுதியிருக்கீரே, தூக்குக்குள்ள கடையில திணிச்ச வைக்கோலையே இன்னும் எடுக்கலையே? உடமைக்காரங்களைக் கூட்டிட்டு வாரும்."

பொய் டிக்ளரேஷன் என்று முடிவானால் பெட்டிகள் பறிமுதலாகும். என் லைசென்ஸும் போகும்.

மறுநாள் ஆச்சி வில்வண்டியில் வந்து இறங்கினார். வாசலிலேயே மெதுவாகச் சொன்னேன். "ஆச்சி, கேட்டா கொழும்புல புழங்குனதுன்னு மட்டும் சொல்லிருங்க." அவர் என்னை ஒருமுறை பார்த்தார். நேரே உள்ளே போனார்.

இன்ஸ்பெக்டர் கேட்டார். ஆச்சி சொன்னார்: "எம் மகளுக்குப் பழசையா கொடுப்பேன்? அம்புட்டும் புதுசு. புழங்குனதுன்னு எழுதுங்கன்னு நாங்க யாரும் சொல்லல. வரி எவ்வளவுன்னு சொல்லுங்க, கட்டிட்டு எடுத்துக்கிறோம்."

எனக்கு அவமானமாக இருந்தது. பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஆனால் அந்த நேரான பதில்தான் பெட்டிகளைக் காப்பாற்றியது, என்னையும் சேர்த்து. வேறு டிக்ளரேஷன் எழுதி, விலைப்பட்டியலை வைத்து, டூட்டியோடு அபராதமும் கட்டச் சொன்னார் இன்ஸ்பெக்டர். எச்சரிக்கையோடு லைசென்ஸ் தப்பியது.

ஆச்சி டூட்டிப் பணத்தை மட்டும் என்னிடம் கொடுத்தார். "வரி எங்க பாடு. அபராதம் உங்க பாடு, ஏசெண்டு." மூன்று மாத வரும்படி அதோடு போயிற்று.

கல்யாணத்துக்கும் அழைப்பு வந்தது. போனேன். வீட்டின் உள்முற்றத்தைச் சுற்றிய வளவில் சீர்ச் சாமான்களைப் பரப்பியிருந்தார்கள். எழுபத்திரண்டு தூக்கும் வரிசையாக இருந்தன. சொந்தக்காரர்கள் நடுவில் ஆச்சி என்னைக் கூப்பிட்டார்.

"வாங்க ஏசெண்டு. ஒண்ணொண்ணாத் தெறந்து பாருங்க. அன்னைக்குப் பாக்காமத்தானே எழுதுனீக?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே ஒரு தூக்கைத் திறந்து பார்த்தேன். தொழிலை விடும்வரை, திறந்து பார்க்காத பெட்டிக்கு நான் ஒரு வரிகூட எழுதிக் கொடுக்கவில்லை.