இடது பக்கம் விழுந்த வெட்டு

பட்டறையில் அவளுக்கு ‘வெடி’ என்று பெயர் வைத்தவனைக் குறை சொல்ல முடியாது. பதினெட்டு வருஷமாக சைக்கிள் ஃபிரேம் வெல்டிங். கை அவ்வளவு நிதானம். வாய் அதற்கு நேர்மாறு. டீ ஆறியிருந்தால் கத்துவாள், கையுறையை யாராவது இடம் மாற்றி வைத்தால் கத்துவாள். மூக்குக்கு மேலே கோபம் என்பார்களே, இவளுக்குக் கோபம் முளைத்த பிறகுதான் மூக்கே முளைத்திருக்கும்.

அந்த வாரம் அவள் வெடித்ததில் நியாயம் இருந்தது. பாதி நியாயமாவது இருந்தது.

தபால்காரர்களுக்கென்று தபால் இலாகா நாற்பது சைக்கிள் கேட்டிருந்தது. செயின் இல்லை, பெல்ட். எண்ணெய் வேண்டாம், துருப்பிடிக்காது, துணியில் கறை ஒட்டாது. வெடியின் தங்கச்சியே தபால்காரிதான். பழைய செயின் வண்டியோடு தினமும் மல்லுக்கட்டுகிறவள். “முதல் வண்டி உனக்குத்தான்டி” என்று அக்கா சொல்லி வைத்திருந்தாள்.

பெல்ட்டில் ஒரு வில்லங்கம் உண்டு. செயினைப் பிரித்து மாட்டலாம். பெல்ட் வளையல் மாதிரி, எங்கேயும் பிரியாது. அதை மாட்ட ஃபிரேமைத்தான் பிரிக்க வேண்டும். சீட்டுக்குக் கீழிருந்து பின்சக்கரத்துக்கு இறங்கும் குழாயில், பெல்ட் ஓடுகிற வலது பக்கத்தில், ஒரு வெட்டு. பெல்ட் நுழைந்ததும் அந்த இடத்தை போல்ட் போட்டு இறுக்கிவிடுவார்கள். ஆனால் வெட்டின இடம் பலவீனம். பின்பக்கம் கொஞ்சம் நெளிந்தாலும் பெல்ட் பல்சக்கரத்தின் பல்லைத் தாண்டிக் குதிக்கும். அதனால் அந்த மூட்டைத் தடியாகச் செய்ய வேண்டும். தடியாகச் செய்தால் எடை ஏறும். திறக்கவும் வேண்டும், அசையவும் கூடாது. இந்த ரெண்டுக்கும் நடுவில் வெல்டருக்கு உயிர் போய் உயிர் வரும்.

வரைபடம் போட்டவன் புதுசு. ‘கம்ப்யூட்டர்’ என்று கூப்பிடுவார்கள். மகராசன், வண்டிக்கு எதிரே நின்று பார்க்கிற மாதிரி நினைத்து வலது இடது குறித்துவிட்டான். எதிரே நின்றால் நமக்கு வலது, வண்டிக்கு இடது. பெல்ட் ஒரு பக்கம், வெட்டு இன்னொரு பக்கம்!

வெடி முதல் ஃபிரேமிலேயே பிடித்துவிட்டாள்.

“தம்பி, வெட்டு இடதுல வருதே?”

“தாள்ல இருக்கிறபடி செய்யுங்கக்கா. யோசிக்கிறது எங்க வேலை.”

வந்தது வினை. ‘அப்படியா சங்கதி? நீயே அனுபவிடா’ என்று ரோஷத்தில் நாற்பதையும் தாளில் இருந்தபடியே பற்றவைத்துத் தள்ளினாள். யார் வெல்ட் செய்கிறாரோ அவர் எண்ணை ஃபிரேமின் அடியில் குத்துவது அங்கே வழக்கம். நாற்பதிலும் தன் எண்ணான பதினேழைக் குத்தினாள். முதல் வண்டிக்குப் பாகங்களை மாட்டிப் பூட்டும்போது அவன் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று காத்திருந்தாள். ஆனால் பூட்டுவதற்கு முன்பே நாற்பதும் சூளைக்குப் போய், சூட்டில் இறுகி வந்துவிட்டன. அலுமினியம் இறுகிய பிறகு மறுபடி பற்றவைத்தால் அந்த இடம் தளர்ந்து போகும்.

முதலாளி வந்தார். “வலதுலயும் வெட்டிடு. இடது பக்கத்த அடைச்சிடு. மறுபடி சூளைக்கு அனுப்ப நேரமில்ல, வியாழக்கிழமை வண்டி போயாகணும்.”

ஒன்றை மட்டும் அப்படிச் செய்தாள். பெல்ட்டை மாட்டி, ரெண்டு மூட்டையை ஏற்றி, சரக்கு ஏற்றுகிற சரிவில் அவளே ஏறி மிதித்தாள். பாதி ஏற்றத்தில் ‘டக்’. பெல்ட் குதித்தது, மிதிகட்டை சட்டென்று தளர்ந்தது, ஆள் குப்புற விழுந்தாள். முழங்கையில் தோல் வழண்டு ரத்தம்.

“நீ மிதிக்கிற மிதிக்கு எதும்மா தாங்கும்? தபால்காரங்க மெதுவாத்தான் போவாங்க” என்றார் முதலாளி.

“என் தங்கச்சி தினம் ஏத்தத்துல போறவ. பின்னாடியே லாரி வரும்!”

“அப்ப அவளுக்கு வேற வண்டி குடுத்துடலாம். மத்ததெல்லாம் போகட்டும்.”

வெடிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. “மத்த முப்பத்தொம்பது பேரும் என்ன வானத்துலேர்ந்தா குதிச்சாங்க? அவங்களுக்கு அக்கா தங்கச்சி கிடையாதா? சீ!”

அறுக்கிற சக்கரத்தை எடுத்தாள். முதல் ஃபிரேமைக் கவிழ்த்து, பதினேழு என்று குத்தியிருந்த இடத்திலேயே அறுத்தாள். அடுத்தது. அதற்கடுத்தது. முதலாளி “வேலை போச்சுடி உனக்கு!” என்று கத்தினார், தீப்பொறிக்குப் பயந்து கிட்டே வரவில்லை. ஏழாவதிலிருந்து கம்ப்யூட்டர்தான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். அவள் முகத்தை அவன் ஏறிட்டுப் பார்க்கவே இல்லை. நாற்பதும் முடிந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது.

வீட்டு வாசலில் தங்கச்சி பழைய வண்டியைச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

“என் வண்டி எங்கேக்கா?”

“வராது. என் வேலையும் போச்சு.” நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். வெட்டு தப்பு என்று முதல் நாளே தெரியும் என்பதையும் சொன்னாள். முதலாளியைத் திட்டினாள், கம்ப்யூட்டரைத் திட்டினாள், முழங்கையைக் காட்டினாள்.

தங்கச்சி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“டீ ஆறிப்போனதுக்கெல்லாம் ஊரைக் கூட்டுவ. கத்தியே ஆக வேண்டிய அன்னிக்கு மட்டும் ஏன்க்கா வாய மூடிக்கிட்டிருந்த?”

வெடி உள்ளே போய் எண்ணெய் டப்பாவை எடுத்து வந்து, தங்கச்சியின் செயினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.