சமாதானம் நின்றுபோன வரிசை

சனிக்கிழமைகளில் என் கணவர் என்னை முகத்தில் அடிக்க மாட்டார். மறுநாள் கோயிலுக்குப் போக வேண்டுமே. முதுகு, தொடை, மேல்கை என்று சேலையும் ரவிக்கையும் மூடுகிற இடங்களோடு நிறுத்திக்கொள்வார். மற்ற நாட்களில் அந்தத் தயவு கிடையாது. சபையில் அங்கத்தினராக இருந்து என்ன கண்டாய் என்று அந்தக் காலத்தில் யாராவது கேட்டிருந்தால், வாரத்துக்கு ஒரு நாள் முகம் தப்பியது என்றுதான் சொல்லியிருப்பேன்.

எங்கள் வீடு தீவில், விமான நிலையத்தை ஒட்டிய பத்துபஸ்தியில். விமானம் தலைக்கு மேலேயே இறங்கும். அந்த இரைச்சலில் நான் கத்துவது பக்கத்து வீட்டுக்குக் கேட்காது என்று அவருக்குத் தெரியும். எனக்கு இன்னமும் விமானச் சத்தம் கேட்டால் தோள் தானாகக் குறுகுகிறது.

வெளியே அவர் பெயரெடுத்த மனிதர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை, கோயில் பாடகர் குழுவில் கனத்த கீழ்க்குரல். அவர் வாயைத் திறந்தால் சன்னல் அதிரும் என்று சபையார் பெருமையாகச் சொல்வார்கள். வீட்டில் எதெல்லாம் அதிர்ந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை.

அம்மாவும் அப்பாவும் கடல் தாண்டி மெயின்லேண்டில், திருநெல்வேலிப் பக்கம் இருக்கிறார்கள். ஒருமுறை கப்பலேறிப் போய் அழுதேன். ஒரு வாரம் கறிசோறு ஆக்கிப் போட்டு, புதுச் சேலை எடுத்துக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு எனக்கென்று மிச்சமிருந்தது சபை ஒன்றுதான். அதுவும் கைவிட்டால் இந்த ஆள் கையால்தான் சாவேன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

எங்கள் ஐயர், சபைப் போதகர், அடிக்கடி பிரசங்கத்தில் சொல்வார். சபை என்றால் கல்லும் சுண்ணாம்பும் கிடையாது, நாம்தான். கிறிஸ்துவின் உடம்பு. காலில் முள் குத்தினால் உடம்பு முழுக்கத் துடிக்க வேண்டும், துடிக்காவிட்டால் அது செத்த உடம்பு. நான் அதை நம்பினேன். ஒரு வியாழக்கிழமை அவர் வீட்டுக்குப் போய், ரவிக்கைக் கையை மடித்துவிட்டுக் காட்டினேன். அவர் கண் கலங்கிவிட்டது. என் தலையில் கை வைத்து ஜெபித்தார். பிறகு நல்ல மனதோடு ஒரு காரியம் செய்தார். என் கணவரைத் தனியே கூப்பிட்டு, நான் சொன்னதையெல்லாம் எடுத்துச் சொல்லி, புத்திமதி கூறி அனுப்பினார்.

நான் வந்து சொன்னதைக் கணவரிடம் சொல்ல வேண்டாம் என்று ஐயரிடம் சொல்லி வைக்க எனக்குத் தோன்றவில்லை. அதைக்கூடவா சொல்ல வேண்டும்?

என் கணவர் கோயிலுக்கு வந்தது சனிக்கிழமை மத்தியானம். சனிக்கிழமைகளில் பெண்கள் கோயிலைக் கழுவுவோம். அதே கோயிலில் ஞாயிறு அதிகாலையில், ராஞ்சிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து தீவில் குடியேறிய ராஞ்சிக்காரர்களின் இந்தி ஆராதனை, அதற்குப் பிறகு எங்கள் தமிழ் ஆராதனை. ஆகவே இரண்டு பக்கத்துப் பெண்களும் சேர்ந்தே கழுவுவது வழக்கம். ஐயரின் மனைவி, ஐயரம்மா, ஆல்டர் என்கிற திருப்பீடத்துக்குத் தன் கையால் பூவேலை செய்த புதுத் துணியை விரித்துக்கொண்டிருந்தார். நான் பித்தளைப் பூச்சாடியைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் அவர் நின்றதைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. ஓடினேன். வெளியே ஓடாமல் உள்ளே ஓடினேன், ஆல்டருக்கு. அங்கே கை வைக்க மாட்டார் என்று நினைத்தேன். அவர் வாசலில் செருப்பைக் கழற்றினார். ஜோடியாக ஓரமாக வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"ஐயர்ட்ட போயி என்னத்தட்டி ஓதிட்டு வந்த?"

முடியைப் பிடித்து ஆல்டர் முன்னாலிருந்த மரக்கிராதியில் என் முகத்தை மோதினார். ஒரு பல் உடைந்து நாக்கில் கிடந்தது. கையிலிருந்த பூச்சாடியைப் பிடுங்கினார். தாடையில் ஒரு அடி. இன்னொரு அடி. புளித் தண்ணீரும் ரத்தமும் கழுத்தில் வழிந்தன. மூன்றாவது முறை அவர் கையை ஓங்கியபோது, ராஞ்சிப் பெண் ஒருத்தி தரை துடைக்கிற கட்டையால் அவர் முதுகில் ஓங்கிப் போட்டாள். "சோட் உஸ்கோ! சோட்!" அவளை விடு என்று இந்தியில் கத்திக்கொண்டே மறுபடியும் போட்டாள். இந்த ஆளின் குரல்வளத்தைப் பற்றியெல்லாம் அவளுக்குத் தெரியாது. அவருக்கு என்னை விட வேண்டியதாயிற்று.

நான் ஆல்டரைப் பிடித்துக்கொண்டு சரிந்தேன். அப்போது கேட்ட முதல் குரல் ஐயரம்மாவுடையது.

"துணிய எடுங்க! துணிய எடுங்க! ரத்தம் பட்டுரும்!"

எடுத்தார்கள். துணியைத்தான் முதலில் எடுத்தார்கள். என்னை எடுத்து ஆட்டோவில் ஏற்றியது அந்த ராஞ்சிக்காரி. வழி முழுக்க என் தாடையைத் தன் முந்தானையால் தாங்கிப் பிடித்திருந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி ஆயிற்று என்று கேட்டார். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. அவள் சொல்லத் தொடங்குவதற்குள், பின்னாலேயே வந்து சேர்ந்த ஐயர் முந்திக்கொண்டார். "கழுவின தரையில வழுக்கிட்டாங்க, சார்."

பூச்சாடி அடியைவிட அது வலித்தது. இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

தையல் போட்டு, தாடையைக் கட்டி அனுப்பினார்கள். நான் அந்த ராஞ்சிக்காரி வீட்டில் படுத்துக் கிடந்தேன். அந்த வாரம் சபைக் கமிட்டி கூடியது. கோயிலுக்குள் ரத்தம் சிந்திவிட்டதாம், வரும் ஞாயிறு சுத்திகரிப்பு ஜெபம் வைக்க வேண்டுமாம். சிந்தியது யாருடைய ரத்தம் என்று அங்கே பேச்சு வந்ததா என்று தெரியாது. ஐயர் மட்டும் என்னைப் பார்க்க வந்தார்.

"கேஸு கீஸுன்னு போனா சபைக்குத்தாம்மா கெட்ட பேரு. ஞாயித்துக்கிழமை எல்லாருக்கும் முன்னால அவன் உனக்குச் சமாதானம் கொடுப்பான். நீ வாங்கிக்கிட்டு அவன்கூட வீட்டுக்குப் போயிரு."

எங்கள் ஆராதனையில் திருவிருந்துக்கு முன்னால் சமாதானம் கொடுப்பது உண்டு. ஐயர் இறங்கி வந்து, முன்வரிசையில் இருப்பவரின் கூப்பிய கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துச் சமாதானம் சொல்வார். வாங்கியவர் அதேபோல அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். ஆண்கள் பக்கம் தனியாக, பெண்கள் பக்கம் தனியாக, வரிசை வரிசையாகக் கடைசிவரை போகும். அதன் பிறகுதான் அப்பம்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். ஏன் போனாய் என்று இப்போதும் கேட்கிறார்கள். வேறு எங்கே போவது? பெண்கள் பக்கம் முன்வரிசையில் தனியாக உட்கார்ந்தேன். பின்வரிசையில் ஐயரம்மா. என் வீங்கிய முகத்தைப் பார்த்ததும் அவர் தலையைக் குனிந்துகொண்டார். என் கணவர் வெள்ளை அங்கியோடு பாடகர் குழுவில் நின்று பாடினார். கீழ்க்குரலுக்கு வேறு ஆள் இல்லையாம். கிராதியின் மேல், ஆல்டர் படிகளின் மேல் என்று ரத்தம் பட்ட இடங்களிலெல்லாம் கை வைத்து ஐயர் சுத்திகரிப்பு ஜெபம் செய்தார். எனக்கு ஆத்திரத்தில் தையல் விண் விண் என்று தெறித்தது.

சமாதானம் கொடுக்கிற நேரம் வந்தது. ஐயர் அதை முதலில் என் கணவருக்குக் கொடுத்து, பெண்கள் பக்கம் கையைக் காட்டினார். அவர் என்னிடம் வந்தார். சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. முகத்தில் அவ்வளவு சாந்தம். இரண்டு கையையும் விரித்து நீட்டினார். சோப்பு வாசனை அடித்தது. கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"கைய நீட்டுட்டி" என்றார், சிரித்த முகம் மாறாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

நான் நீட்டவில்லை. அவர் அப்படியே நின்றார். ஐயருக்குப் பொறுக்கவில்லை, அடுத்த வரிசைக்குப் போகும்படி கண்ணைக் காட்டினார். என் கணவர் என்னைத் தாண்டி ஐயரம்மாவிடம் கையை நீட்டினார்.

ஐயரம்மா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எங்கிட்ட வராத" என்றார். கோயில் முழுக்கக் கேட்டது.

அவருக்கு அடுத்திருந்தவள் கையை மடக்கினாள். அதற்கு அடுத்தவளும். பின்னாலிருந்த வரிசைகளிலும் கைகள் சேலைக்குள் போவதைத் திரும்பிப் பார்த்தேன். என் கணவர் விரித்த கையை மூட மறந்து நின்றார். என் வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கைகளைப் பார்த்து எனக்குப் பயம் வரவில்லை.

ஐயரம்மா எழுந்து வந்து என் தோளைப் பிடித்தார். "வாம்மா, போவோம்." அவ்வளவுதான் சொன்னார். பெண்கள் பக்கம் பெஞ்சுகள் கிறீச்சிட்டன.

போலீஸ் ஸ்டேஷனில் இருந்தவர் வடக்கத்திக்காரர். வாசல் நிறையப் பெண்கள் ஆராதனைக்குக் கட்டிய வெள்ளைச் சேலையில் நிற்பதைப் பார்த்து எழுந்தேவிட்டார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஐயரம்மாவிடம், உங்களைப் பாதிரியார் அனுப்பினாரா என்று இந்தியில் கேட்டார். பதில் சொல்லும் அளவுக்கு ஐயரம்மாவுக்கு இந்தி வராது. நாற்காலியை இழுத்து என்னை உட்காரவைத்துவிட்டு, நிதானமாகத் தமிழிலேயே சொன்னார்.

"ஐயர் அனுப்பல, சார். சபைதான் வந்திருக்கு."