வெறுங்கயிற்றோடு பதினோரு நாள்

லிஃப்ட் மெக்கானிக்குகள் மத்தியில் அவருக்கு ஒண்ணேகால் என்று பெயர். புது லிஃப்டை ஓட்டத்துக்கு விடுமுன் அது தாங்க வேண்டிய எடையோடு இன்னொரு கால் பங்கும் சேர்த்து இரும்புக் கட்டிகளை ஏற்றி, பிரேக் பிடிக்கிறதா என்று ஓட்டிப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் ஒருமுறை ஓட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். இவர் மூன்று முறை ஓட்டுவார். "ஒண்ணேகால் வெச்சுப் பார்த்தீங்களா?" என்று எல்லோரையும் கேட்டுக் கேட்டே அந்த அளவு அவர்மேல் பெயராக ஒட்டிக்கொண்டுவிட்டது.

வீட்டிலும் அதே கதைதான். நாலு பேர் வருவதாகச் சொன்னால் ஐந்து பேருக்குச் சமைக்கச் சொல்வார். வானம் லேசாகக் கறுத்தால் இரண்டு குடை எடுப்பார். "விட்டிருந்தா கல்யாணத்துக்கு முன்னாடி என்னையும் ஏத்தி இறக்கிப் பார்த்திருப்பீங்க" என்பாள் மனைவி. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, வலியோடு வருகிறவர்களைக் காத்திருக்கச் சொல்வது அவளுடைய வேலை. வாய்ப்பேச்சில் அவளை ஜெயிக்க முடியாது என்பதால் அவர் முயன்றதேயில்லை.

இப்படிப்பட்ட மனிதரை ஒரு நாய் நாலு மாதமாகத் தூங்கவிடாமல் செய்தது.

பாதியில் நின்றுபோன ஒரு கட்டடத்தில் மறுபடி வேலை தொடங்குவதாகச் சொல்லி அவரை அழைத்திருந்தார்கள். லிஃப்ட் குழிக்குள் டார்ச் அடித்தபோது இரண்டு கண்கள் திருப்பி வெளிச்சம் அடித்தன. முழங்கால் அளவு தண்ணீர். நடுவில் ஒரு சிமெண்ட் மேடு. அதன்மேல் ஒரு செவலை நாய், எத்தனை நாளாகவோ. ஏணி வைத்து இறங்கி, தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். அது கடிக்கவில்லை, கத்தவில்லை. நடுங்கியது மட்டும்தான். அந்த நடுக்கம் சட்டையைத் தாண்டி உள்ளே எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது.

காப்பகத்தில் சேர்த்தார். அதோடு விட்டிருக்கலாம். வாராவாரம் பிஸ்கட்டோடு போய் நின்றார். 'செவலை' என்று கூப்பிட்டால் காது நிமிரும். நடுவில் இரண்டு குடும்பங்கள் அதை எடுத்துப் போயின. ஒன்று எட்டாம் நாளும் இன்னொன்று பத்தொன்பதாம் நாளும் திருப்பிக் கொண்டுவந்து விட்டன. குரைக்கிறதாம். பக்கத்து வீட்டில் புகாராம்.

"முதல் தடவை திரும்பி வந்தப்போ எங்களைப் பார்த்து வாலாட்டுச்சு சார்" என்றாள் காப்பகத்துப் பெண். "ரெண்டாவது தடவை வண்டியை விட்டு இறங்கவே இல்ல. தூக்கித்தான் இறக்கினோம்."

அவர் பிஸ்கட் உறையை மடித்துக்கொண்டே நின்றார்.

"ரெண்டு வாரத்துல நாங்க ஊருக்கு வெளிய மாறிடறோம். அப்புறம் நீங்க இப்படி வர முடியாது. எடுத்துக்கறதா இருந்தா எடுத்துக்கங்க. ஆனா சார், கோவிச்சுக்காதீங்க, திருப்பிக் கொண்டுவர மாட்டேன்னு தெரிஞ்சா மட்டும் எடுத்துக்கங்க. மூணாவது தடவையை அது தாங்காது."

தாங்குமா, தாங்காதா என்பதைச் சொல்லிப் பிழைக்கிறவரிடம் இதைச் சொன்னால் அவர் என்ன செய்வார்? வீட்டுக்கு வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"எடுக்கலாம்னு தோணுதா, வேணாம்னு தோணுதா?" என்று கேட்டாள் மனைவி.

"ரெண்டும் தோணுது."

"வலிக்குதான்னு கேட்டா, வலிக்குது, ஆனா வலிக்கலன்னு சிலர் சொல்லுவாங்க. அவங்களை எல்லாம் கடைசி நாற்காலியில உட்கார வெச்சிடுவேன்."

"உனக்குப் பயமா இல்லையா?"

"நாயைக் கண்டு பயமில்லீங்க. கீழ இருக்கற டீச்சரைக் கண்டுதான் பயம்."

அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. அவர்கள் இருந்தது ஐந்தாம் மாடி. நேர் கீழே, நாலாம் மாடியில், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். ஒருமுறை இவர்கள் கட்டிலை நகர்த்தியபோது, வாட்ச்மேன் மேஜையில் இருக்கும் புகார் நோட்டில், எத்தனை மணிக்கு இழுக்கத் தொடங்கினார்கள், நடுவில் எத்தனை முறை மூச்சு வாங்க நிறுத்தினார்கள் என்பதுவரை எழுதிவைத்தவர்.

அன்றே அவர் முடிவெடுத்தார். நாயைப் பற்றி அல்ல, சோதனை ஓட்டத்தைப் பற்றி. கடைக்குப் போய் ஒரு பாய், ஒரு கிண்ணம், ஒரு கழுத்துப்பட்டை, ஒரு சிவப்புக் கயிறு வாங்கினார். ஒரு நாளைக்கு மூன்று முறை வெளியே கூட்டிப் போக வேண்டும் என்று காப்பகத்தில் சொல்லியிருந்தார்கள். இவர் நாலு முறை போவார். நாய் இல்லாமல், கயிற்றை மட்டும் பிடித்துக்கொண்டு.

"கயிறு எதுக்கு? கையை வீசிட்டுப் போனா ஆகாதா?"

"கயிறு இல்லேன்னா அது சும்மா நடை. நாலாம் நாளே சாக்குச் சொல்லிடுவேன். என்னை எனக்குத் தெரியும்."

விடிந்ததும் ஒன்று, வேலைக்குக் கிளம்புமுன் ஒன்று, மதியம் எங்கே வேலை இருந்தாலும் பைக்கில் ஓடிவந்து ஒன்று, பொழுது சாய்கையில் ஒன்று. லிஃப்டில் ஏறியவர்கள் முதலில் கயிற்றைப் பார்த்தார்கள். பிறகு அதன் நுனியைப் பார்த்தார்கள். பிறகு கதவைப் பார்த்தார்கள். ஒரு பெண் அந்த வெற்றிடத்தை மிதித்துவிடக் கூடாதென்று செருப்பைத் தள்ளி வைத்தாள். காற்றுக்கும் ஓர் இடம் ஒதுக்கித் தருகிற அந்தக் கால்விரல்களை அவர் மாடி வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாய் எங்க சார்?" என்றார் வாட்ச்மேன்.

"வரும்."

அதற்கு மேல் விளக்கம் சொல்ல அவருக்குக் கூச்சம். கூச்சப்பட்டவர் வாயை மூடினார், மற்றவர்கள் திறந்தார்கள். மூன்றாம் நாளே ஐந்தாம் மாடிக்காரர் நாய் வளர்க்கிறார் என்று கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது.

ஆறாம் நாள் கொட்டுகிற மழை. போனார். எட்டாம் நாள் ஒரு லிஃப்ட் நடுவழியில் நின்று உள்ளே ஏழு பேர் மாட்டிக்கொள்ள, மதியம் வர முடியவில்லை. மனைவிக்குப் போன் செய்து, "இன்னிக்கு ஒரு ஓட்டம் போச்சு" என்றார், நிஜமாகவே ஒரு உயிரைப் பட்டினி போட்டவர் குரலில். மாலையில் வந்தபோது கயிறு ஆணியில் வேறு மாதிரி மாட்டியிருந்தது.

"நீ போனியா?"

"சாப்பாட்டு நேரத்துல வந்தேன். தெருமுனை வரைக்கும் கயித்தைப் பைக்குள்ள ஒளிச்சு வெச்சுட்டுப் போனேன். மானம் போகுதுல்ல?"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, மூணாவது மரத்துல காலைத் தூக்குச்சு. வந்துட்டோம்."

அவர் அன்று இரண்டு முறை டீ கேட்டார். இரண்டு முறையும் அவள் கொடுத்தாள்.

ஒன்பதாம் நாள் வாட்ச்மேன் தயங்கித் தயங்கிப் புகார் நோட்டை நீட்டினார். டீச்சரின் கையெழுத்து, எறும்பு வரிசை போல. 'ஐந்தாம் மாடி நாய் ஓயாமல் குரைக்கிறது. திங்கள்: காலை 7.50 முதல் 8.40 வரை 23 முறை. மதியம் 12.30 முதல் 1.00 வரை 6 முறை. மாலை 5.40 முதல் 31 முறை.' இப்படியே ஒரு வாரக் கணக்கு.

மனைவி படித்துவிட்டுச் சிரித்தாள். சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு திடீரென்று நிறுத்தினாள்.

"இல்லாத நாய்க்கே இவ்வளவுன்னா, இருக்கற நாய்க்கு?"

அவருக்கும் நெஞ்சுக்குள் அதேதான் ஓடியது. பத்தொன்பதாம் நாள், பக்கத்து வீட்டுப் புகார், வண்டியை விட்டு இறங்காத நாய். அதைத் திருப்பிக் கொண்டுபோய் விடுகிற கை தன்னுடையதாக இருக்கும் என்பதை நினைத்தபோது கை தானாகவே சட்டைப்பைக்குள் போனது. வேண்டாமென்று சொல்லிவிடலாம். இப்போதே போன் செய்துவிட்டால் ஒரு பாரம் குறையும். போனை எடுத்தார். எடுத்தவர், வழக்கப்படி, இன்னொரு முறை நோட்டைப் பார்த்தார்.

ஞாயிறு காலை பத்துவரை பூஜ்யம். பிறகு கொஞ்சம். மாலையில் நிறைய. வேலை நாளில் எட்டு மணிக்கு உச்சம்.

"இது நாய் குரைக்கற நேரம் இல்ல" என்றார்.

"பின்ன?"

"ஜனங்க லிஃப்டுல ஏறி இறங்கற நேரம்."

நாலாம் மாடி நடைபாதைக்கு இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். லிஃப்ட் மேலே ஏறியது. நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில், சுவருக்குள்ளிருந்து, வறட்டுக் குரலில் ஒரு 'வவ்'. இறங்கும்போது இன்னொரு 'வவ்'. பெட்டியைப் பிடித்து ஓடவைக்கும் தண்டவாளத்தில் எண்ணெய் வற்றிவிட்டது. இணைப்பு வருமிடத்தில் இரும்பு இரும்பைக் கடிக்கிறது. கையில் கயிறோடு ஒருவரைப் பார்த்தபிறகு அதைக் கேட்கிற யாருக்கும் அது நாய்தான்.

அடுத்த கம்பெனி பராமரிக்கிற லிஃப்டில் கைவைப்பதில்லை என்பது தொழிலில் எழுதாத சட்டம். அதனால் அந்தக் கம்பெனியில் இருக்கும் பழைய கூட்டாளியைக் கூப்பிட்டார். கிரீஸ் என்றால்தான் தொழிலில் அவனைத் தெரியும்.

"உன் வீட்டு லிஃப்டா?" என்றான் கிரீஸ். "பத்து வருஷமா அதுல ஏறி இறங்கற. காதை எங்கடா கழட்டி வெச்ச?"

"வேலை முடிஞ்சா காதையும் கருவிப் பெட்டியில போட்டுப் பூட்டிடறேன்டா. நீ வா முதல்ல."

அரை மணி நேர வேலை. நாய் வாயை மூடிக்கொண்டது.

இரண்டு நாள் கழித்து டீச்சர் வாசலில் அவரை நிறுத்தினார். "பரவாயில்லையே. ரெண்டு நாளா சத்தமே இல்ல. நல்லாப் பழக்கிட்டீங்க."

தலையாட்டிவிட்டு நழுவியிருக்கலாம். நல்ல பெயர் தானாக மடியில் வந்து விழுந்திருந்தது. ஆனால் சோதிக்காத லிஃப்டுக்குக் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லாத மனிதர்.

"டீச்சர், வந்து... நாய் இன்னும் வரவே இல்ல. அது லிஃப்ட் சத்தம்."

எல்லாவற்றையும் சொன்னார். குழியை, நடுக்கத்தை, திருப்பி விட்ட இரண்டு வீடுகளை, வெறுங்கயிற்றை. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அப்போ இத்தனை நாளா நான் திட்டினது யாரை?"

"லிஃப்டை."

"எண்ணிக்கை சரிதானே?"

"ஒண்ணுகூடப் பிசகல டீச்சர். அதை வெச்சுத்தான் கண்டுபிடிச்சேன்."

டீச்சர் முகத்தில், விடையைச் சரி என்று டிக் அடித்தபின் வரும் ஒரு தெளிவு வந்தது. "நாய் வந்து குரைச்சா எழுதுவேன். அதுல தயவு தாட்சண்யம் கிடையாது. ஆனா முதல் வாரம் எழுத மாட்டேன். புதுசா சேர்ற பிள்ளைங்களுக்கு முதல் வாரம் பாடம் கிடையாது, அட்டெண்டன்ஸ் மட்டும்தான்."

"அதுக்கப்புறம் எழுதுங்க டீச்சர். நேரத்தோட எழுதுங்க. எதுக்குக் குரைக்குதுன்னு நான் பார்த்துக்கறேன்."

சொன்னபிறகுதான், தான் முடிவெடுத்துவிட்டது அவருக்கே தெரிந்தது. மேலே போய் மனைவியிடம், "நாளைக்கு லீவு சொல்லிடு" என்றார். அவள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

மறுநாள் மாலை கட்டட வாசலில் வண்டி நின்றது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தார்கள். செவலை தெருவை மோந்தது. அவரை மோந்தது. பிறகு யாரும் தூக்காமல், தானே குதித்து இறங்கியது.

லிஃப்ட் வாசலில்தான் வந்தது வினை. கதவு திறந்ததும் தரைக்கும் பெட்டிக்கும் நடுவே இருக்கும் ஒரு விரல் அகல இருட்டைப் பார்த்துச் செவலை அப்படியே தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. காது பின்னால் ஒட்டிக்கொண்டது. அதே நடுக்கம். அந்த இடுக்கு வழியே குழியின் வாசனை வருகிறது. குழியிலிருந்து தூக்கிய நாயை லிஃப்டில் ஏற்றப் பார்த்த மனிதருக்கு, அது மட்டும் இத்தனை நாளில் ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

"ஒண்ணேகால் வெச்சுப் பார்த்தீங்களே, இதை வெச்சுப் பார்த்தீங்களா?" என்றாள் மனைவி, மெதுவாக.

அவர் படிக்கட்டைப் பார்த்தார். மாடிக்குப் பதினெட்டுப் படி. ஐந்து மாடி. தினம் மூன்று முறை. வலது முழங்கால் வேறு சொன்னபடி கேட்பதில்லை. பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ இரவு எதையெதையோ நினைத்துப் புரண்டிருக்கிறார். கடைசியில் வந்து நின்ற பூதம் வெறும் படிக்கட்டு.

"இவ்வளவுதானா?" என்றார். "நடந்துட்டாப் போச்சு."

லிஃப்ட் மெக்கானிக் படியேறினார். முதல் மாடியில் செவலை அவருக்குப் பின்னால் வந்தது. இரண்டாவதில் பக்கத்தில் வந்தது. மூன்றாவதில் அவர் கைப்பிடியைப் பிடித்து நின்றபோது அதுவும் நின்றது. பதினோரு நாள் காற்றில் தொங்கிய கயிறு இப்போது கையைப் பிடித்து மேலே இழுத்தது. மனைவி பாயையும் கிண்ணத்தையும் தயார் செய்ய லிஃப்டில் முன்னால் போயிருந்தாள்.

நாலாம் மாடியில் டீச்சரின் கதவு திறந்திருந்தது. செவலை கால்மிதியை மோந்து பார்த்துத் தும்மியது. டீச்சர் நாயைப் பார்த்தார், இரைக்க இரைக்க நின்ற அவரைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆறு பத்து" என்றார். "வந்தாச்சு."