பழப்பெட்டிக்குப் பெல்ட் போட்ட காலை

மூன்று வருடங்களுக்கு முன், கந்தசஷ்டி விரதத்தின் ஐந்தாம் நாள் காலையில், ஒஸ்லோ நகரத்துக்குள் போகும் கடற்கரைப் பெருந்தெருவில் இது நடந்தது. இன்றைக்கும் அந்த இடத்தைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். அது வரும்போது என் கை தானாகவே ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கும்.

நான் ஹொல்ம்லியாவில் குடியிருக்கிறேன். நகரத்தின் மறுபக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் வேலை. பெரிய படிப்பெல்லாம் இல்லை. கோயில், வீடு, வேலை என்று ஓடுகிற ஆள். கடன் எடுத்து ஒரு மின்சாரக் கார் வாங்கியிருந்தேன். அந்தப் பெருந்தெருவில் பஸ்ஸுக்கென்று தனித்தடம் ஒன்று உண்டு. மின்சாரக் காரும் அதில் போகலாம். ஆனால் காலை நெரிசல் நேரத்தில் காரில் குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும். தனி ஆளென்றால் மற்றவர்களோடு சேர்ந்து ஊர வேண்டியதுதான்.

இந்தச் சட்டத்தைப் பற்றி எல்லாரும் ஒவ்வொன்று சொல்வார்கள். எங்கள் சமையலறையில் வேலை செய்யும் நோர்வேக்காரி ஒருத்தி, "பொம் காசும் கட்டி வரிசையிலும் நிற்கிறேன், நீங்கள் பஸ்ஸின் பாதையில் பறக்கிறீர்கள்" என்று என்னைக் குத்துவாள். பொம் என்பது நகரத்துக்குள் நுழையக் கட்டும் காசு. கோயில் மண்டபத்தில் ஒருவர், "துணிக்கடையில நிக்கிற பொம்மைக்குச் சீலை உடுத்தி முன்னுக்கு இருத்தினால் பொலிஸுக்குத் தெரியவே போகுது?" என்று சொல்லிச் சிரிக்க வைப்பார். எனக்கு அந்தக் கவலை இருக்கவில்லை. எனக்கு ஆள் இருந்தது.

எங்கள் தொடர்மாடியில் மேல்வீட்டில் தமிழ்நாட்டுத் தம்பி ஒருவர் இருந்தார். கம்ப்யூட்டர் வேலை. கார் இல்லை. அவருடைய வேலையிடமும் என் வழியில்தான். இரண்டு வருடமாக ஒன்றாகப் போனோம். முதலில் என்னை "சார்" என்றார். சாரும் வேண்டாம், மோரும் வேண்டாம் என்று சொன்ன பிறகு "அண்ணே" ஆனேன். காரில் ஏறியதும் முன்னால் ஒட்டியிருக்கும் முருகன் படத்தைப் பார்த்துக் கும்பிடுவார். பிறகு பெல்ட்டைப் பூட்டிவிட்டு, "டிக்கெட்டு ஏறிருச்சு, போலாம்ணே" என்பார். அவர் ஏறினால் எனக்கு அரை மணித்தியாலம் மிச்சம். உண்மையைச் சொன்னால் அவரை நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். நல்ல பிள்ளை, ஆனால் எனக்கு ஒரு தலைக்கணக்கு.

அந்த வருடம் புரட்டாசி முடிகிற நேரத்தில் அவருடைய அப்பா ஊரில் திடீரென்று காலமாகிவிட்டார். விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம். வெளியே போனால் திரும்பி வர விடுவார்களோ என்ற பயத்தில் அவரால் போக முடியவில்லை. கொள்ளி வைத்ததைப் போனில்தான் பார்த்தார். நானும் மனைவியும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்து, பக்கத்தில் இருந்துவிட்டு வந்து குளித்தோம். ஒரு கிழமைக்குப் பிறகு அவர் வேலைக்கு வரத் தொடங்கினார். காரில் அதிகம் கதைக்கவில்லை. பையை மடியில் அணைத்துக்கொண்டு சுருங்கி உட்கார்ந்திருப்பார். படத்தைக் கும்பிடுவதும் நின்றுபோயிருந்தது. கவலையில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு கந்தசஷ்டி வந்தது. அந்த முறை விரதம் எனக்குச் சாதாரண விரதமில்லை. என் மகளுக்கு இரண்டு தடவை குழந்தை வயிற்றில் தங்காமல் போய்விட்டது. இது மூன்றாவது. ஏழாம் மாதம். ஆறு நாளும் பகலில் தண்ணீர் மட்டும், இரவில் பூசை முடிந்து பாலும் பழமும் என்று முருகனுக்கு நேர்ந்திருந்தேன். எனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு இருக்கிறது. தினமும் மாத்திரைக் குளிசை போடுகிறேன். மனைவி விடவில்லை.

"டொக்டர் சொன்னது உங்கட காதிலை விழேல்லையோ? பிள்ளைக்காண்டி நீங்கள் விழுந்து கிடந்தால் ஆர் பாக்கிறது?"

"முருகன் பாப்பார்."

"முருகனுக்கு வேற வேலையில்லை."

எனக்கு இருந்த பயம் வேறு. காப்புக் கட்டினால் துடக்கு வீட்டு ஆட்களோடு தீண்டல் கூடாது. எங்கள் வழக்கத்தில் சாவுத் துடக்கு முப்பத்தொரு நாள். மேல்வீட்டுத் தம்பிக்கு அப்போது பதினெட்டுத்தான் ஆகியிருந்தது. தமிழ்நாட்டவர்கள் அதைத் தீட்டு என்பார்கள், பதினாறோடு கழிந்துவிடும். அது அவர்களுடைய கணக்கு. நான் பிடித்த விரதம் எங்களுடைய கணக்கு. பக்கத்தில் இருத்திக்கொண்டு போய், பிறகு பிள்ளைக்கு ஒன்று நடந்தால்? அந்த நினைப்பே என்னால் தாங்க முடியவில்லை.

உள்ளதை அவரிடம் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. தகப்பனைப் பறிகொடுத்தவனிடம் அதை எப்படிச் சொல்வது? விரதத்துக்கு முதல் நாள் படிக்கட்டில் கண்டபோது, "தம்பி, காரைத் திருத்த விட்டிருக்கிறன். ஒரு கிழமை செல்லும்" என்றேன்.

"பரவால்லண்ணே, நான் பாத்துக்கறேன்" என்றார்.

அந்தக் கிழமை தண்டவாள வேலையால் ரயில் ஓடவில்லை. பதிலுக்குப் பஸ் விட்டிருந்தார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். பொய் பிடிபடாமலிருக்கக் காரை வழக்கமான இடத்தில் விடாமல், அடுத்த தொடர்மாடியின் பின்பக்கம், குப்பைத் தொட்டிகளுக்கு அந்தப் பக்கமாக நிறுத்தினேன். கையில் தர்ப்பைக் காப்பு. வாயில் சஷ்டிப் பாராயணம். செய்கிற வேலையோ அது.

முதல் நாட்களில் தனியாக நீண்ட வரிசையில் ஊர்ந்து போனேன். மூன்று நாள் பிந்திவிட்டேன். பொறுப்பாளர் கூப்பிட்டு, இனிப் பிந்தினால் எழுத்தில் எச்சரிக்கை தர வேண்டி வரும் என்றார். ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. பின்னேரம் வேலையிலிருந்து நேரே கோயிலுக்குப் போவதற்காக மனைவி ஒரு பெட்டி நிறையப் பழமும் மேலே ஒரு மாலையும் வைத்துத் தந்தாள். சாமிக்குப் போகிற பொருளைக் கால் படுகிற இடத்தில் வைக்கக் கூடாதென்று முன்சீட்டில் வைத்தேன். பாரத்துக்குக் கார் ஆளென்று நினைத்துக் கூவத் தொடங்கியது. பெல்ட்டை இழுத்துப் பெட்டிக்குப் பூட்டிவிட்டேன். கூவல் நின்றது.

பெருந்தெருவுக்கு வந்தால் வரிசை அசையவே இல்லை. பக்கத்தில் பஸ் தடம் வெறுமையாகக் கிடந்தது. மணியைப் பார்த்தேன். முருகன் படத்தைப் பார்த்தேன். நீயும் என்னோடுதானே வருகிறாய் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு தடம் மாறினேன்.

நான்கு நிமிடம் போயிருக்க மாட்டேன். ஒரு வளைவில் மஞ்சள் அங்கி போட்ட பொலிஸ்காரி கையைக் காட்டி ஓரத்துக்கு எடுக்கச் சொன்னாள். கண்ணாடியை இறக்கினேன். குனிந்து பெட்டியைப் பார்த்தாள். பெல்ட்டைப் பார்த்தாள்.

"இது யார்?" என்றாள்.

கடவுளுக்குக் கொண்டுபோகிறேன் என்றேன். பிறகு எனக்கென்ன பிடித்ததோ தெரியவில்லை, "நான் தனியாக இல்லை, கடவுள் என்னோடு வருகிறார்" என்றும் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "இருக்கலாம். ஆனால் சட்டம் மனிதரைத்தான் கேட்கிறது. நீங்கள் தனியாகத்தான் வருகிறீர்கள்" என்றாள்.

அவள் லைசென்ஸைக் கேட்டபோதுதான் என் விரல்கள் நடுங்குவதைக் கண்டேன். பேர்ஸைத் திறக்க முடியவில்லை. அந்தக் குளிரிலும் கழுத்தெல்லாம் வியர்த்தது. காலையில் வெறும் வயிற்றில் சீனிக் குளிசையைப் போட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பழக்க தோஷம். சாப்பாட்டை விட்டேன், குளிசையை விட மறந்துபோனேன். காற்று வேண்டும்போலிருந்தது, இறங்கினேன். கால் நிற்கவில்லை. கார்க் கதவோடு சரிந்து நிலத்தில் இருந்துவிட்டேன். குடித்திருக்கிறீர்களா என்று அவள் கேட்பது தூரத்தில் கேட்டது. பதில் தெரியும், வாய் ஒத்துழைக்கவில்லை.

அந்த நேரம் ரயிலுக்குப் பதிலாக விட்ட பஸ் ஒன்று எங்களை மெதுவாகத் தாண்டியது. உள்ளே ஆட்கள் நெருக்கி நின்றார்கள். கதவுக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு ஒரு முகம். மேல்வீட்டுத் தம்பி. என்னைக் கண்டார். திருத்த விட்டதாக நான் சொன்ன காரையும் கண்டார். அந்த மயக்கத்திலும் வெட்கம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

சிறிது தள்ளித்தான் பஸ் தரிப்பிடம். பை முதுகில் அடிக்க அடிக்க அவர் திரும்பி ஓடி வந்தார். பொலிஸ்காரியிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். விரதம், சீனி என்பது மட்டும் விளங்கியது. அவள் அம்புலன்சுக்கு அறிவிக்கத் தொடங்கினாள். அவர் பையிலிருந்து பழச்சாற்றுப் பெட்டி ஒன்றை எடுத்து, குழலைக் குத்தி, என் முன்னால் வந்து குந்தினார். ஒரு கை நீளத் தூரத்திலேயே இருந்துவிட்டார். கிட்ட வரவில்லை.

"அண்ணே, இத நான் குடுக்கலாமாண்ணே?"

எனக்கு விளங்கவில்லை. அவரைப் பார்த்தேன்.

"உங்க கணக்குல இன்னும் முப்பத்தொண்ணு ஆகலல்ல. இன்னிக்கு இருபத்தி மூணுதான். உங்க கையில காப்பு இருக்கு."

அவர் எண்ணியிருக்கிறார். தன்னுடைய பதினாறு முடிந்த பிறகும் எங்களுடைய முப்பத்தொன்றை ஒவ்வொரு நாளாக எண்ணியிருக்கிறார். படத்தைக் கும்பிடாமல் இருந்தது, பையை அணைத்துச் சுருங்கி இருந்தது எல்லாம் எதற்கென்று அந்த ஈர நிலத்தில் இருந்துகொண்டுதான் எனக்கு விளங்கியது. என் சாமிக்கும் என் காருக்கும் தன்னால் குறை வரக் கூடாதென்று இருந்திருக்கிறார்.

மகளை நினைத்தேன். பொய் சொல்ல மாட்டேன், அந்த நேரத்திலும் பயமாகத்தான் இருந்தது. வாங்கிக் குடித்தால் விரதம் போச்சு. பிள்ளை? அவர் அவசரப்படுத்தவில்லை. பெட்டியை நீட்டியபடி அழுவதுபோல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தகப்பனின் கடைசி நேரத்தில் ஒரு வாய் தண்ணீர் கொடுக்கக் கிடைக்காத பிள்ளை அது.

"தாங்கோ தம்பி" என்றேன். கை எழும்பவில்லை. அவரே கிட்ட வந்து, ஒரு கையால் என் பிடரியைத் தாங்கி, குழலை வாயில் வைத்தார். முழுவதும் குடித்தேன்.

அம்புலன்ஸ்காரர் வந்து விரலில் குத்திப் பார்த்தார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் நினைவு தப்பியிருக்கும் என்றார்கள். இனிப்பு ஏதோ தந்து, சிறிது நேரம் வைத்திருந்து, காரை ஓட்டாமல் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடச் சொன்னார்கள். தம்பியிடம் லைசென்ஸ் இருந்தது. பொலிஸ்காரி தண்டம் எழுதாமல் விடவில்லை. துண்டைத் தந்துவிட்டு, "இப்போது இரண்டு பேர். பஸ் தடத்திலேயே போகலாம்" என்றாள்.

பழப்பெட்டி பின்சீட்டுக்குப் போனது. முதல் தடவையாக என் காரில் பக்கத்து இருக்கையில் நான் இருந்தேன். அங்கிருந்து பார்த்தால் முருகனின் முகம் தெரியவில்லை. படத்தை ஓட்டுகிறவருக்கு நேராகத் திருப்பி ஒட்டியிருந்தேன். இரண்டு வருடமாக இந்தத் தம்பி படத்தின் ஓரத்தைப் பார்த்துத்தான் கும்பிட்டிருக்கிறார்.

"காரைத் திருத்த விடேல்லைத் தம்பி" என்றேன்.

"தெரியும்ணே. மொத நாளே பாத்துட்டேன், குப்பை போட வந்தப்ப."

"ஏன் கேக்கேல்லை?"

தெருவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "உங்க பொண்ணுக்காக விரதம் இருக்கீங்கன்னு தெரியும். கேட்டா நீங்க என்னை ஏத்திப்பீங்க. அப்புறம் ஏதாவது ஆனா என்னையும் நினைச்சுப்பீங்க. எதுக்குண்ணே அது?"



அடுத்த நாள் சூரசம்ஹாரத்துக்குப் போனேன். ஐயரிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் காப்பைக் கழற்றச் சொல்லவில்லை. "அந்தப் பிள்ளைக்குச் சொன்ன பொய்யை அவரிட்டையே ஒத்துக்கொண்டிட்டீங்கள்தானே, பிறகென்ன" என்றார். முப்பத்தோராம் நாள் முடிந்ததும் தம்பியை வீட்டுக்குக் கூப்பிட்டு, அவருடைய அப்பாவின் படத்துக்குப் படைத்துச் சாப்பாடு கொடுத்தோம். மறுநாள் காலை காரில் ஏறியதும் பழையபடி கும்பிட்டார். படத்தை நான் நடுவில், இரண்டு இருக்கைக்கும் தெரிகிற மாதிரி மாற்றி ஒட்டியிருந்தேன். கண்டார். டிக்கெட்டு ஏறியதாக மட்டும் சொன்னார்.

தை மாதத்தில் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. சுகமாக இருக்கிறான். அது விரதத்தின் பலனோ, விரதம் முறிந்தும் கிடைத்த கருணையோ எனக்குத் தெரியாது. விரதம் இன்றும் பிடிக்கிறேன், டொக்டர் சொன்ன அளவோடு. துடக்கும் பார்க்கிறேன். ஆனால் அதை மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் பார்க்கிறேன்.

தடத்தைப் பற்றி யாராவது கதைத்தால் இப்போது நான் சட்டத்தைக் குறை சொல்வதில்லை. அந்தப் பொலிஸ்காரி சொன்னது சரி, அன்று நான் தனியாகத்தான் வந்தேன். நான் கூட்டிக்கொண்டு வருவதாக நினைத்த முருகன், பின்னால் அந்தப் பஸ்ஸில் நெரிசலில் நின்றுகொண்டு வந்திருக்கிறார்.